காலடி மண்

பச்சையம்மாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். அதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒருத்தி வயிறு எரிந்தால் இன்னொருத்தி வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பிக்கொள்ளும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் அம்மா சொல்கிறாள். எங்கள் குப்பம் சொல்கிறது.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பம் அது. அங்கே பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். ஆம்பிளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, பெர்மனென்ட். தம்பி ஜெயவேல் எட்டாவதோடு நின்று, ஹார்பரில் கான்ட்ராக்ட் கூலியாக மூட்டை இறக்குகிறான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தி" என்று எழுந்து போக, அக்கா இருக்கும்போதே தம்பிக்கு முடித்துவிட்டார்கள். அப்படி வந்தவள் பச்சையம்மா. என்னைவிடச் சின்னவள். எழுத்து தெரியாது. வந்த வருஷமே உண்டாகிவிட்டாள்.

அன்றிலிருந்து வீடு அவளுடையது. சம்பள நாளில் நான் வாங்கிவரும் வஞ்சிரத்தின் தலை அவள் தட்டுக்குப் போகும். ஜன்னலோரம் காற்று வருகிற இடத்தில் அவள் பாய். நாள் முழுக்கக் காதில் இரும்பை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தால் எனக்குத் தலை வெடிக்கும். அம்மா ஒரு நாளும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை. அவள் காலை மட்டும் மடியில் எடுத்துப்போட்டுத் தேய்ப்பாள். பதினைந்து வருஷம் படித்து நான் வாங்கின பட்டத்தைச் சுவரில் மாட்ட ஆணி கிடைக்கவில்லை அந்த வீட்டில்.

சாப்பிடும்போது அம்மா சொல்வாள்:

"அந்தாண்ட திரும்பிக் குந்துடி. அவ துன்றத ஏன் பாத்துகினே கீற?"

"நான் செவுத்தப் பாத்துகினு கீறேன்."

"செவுத்த இன்னாத்துக்கு அப்டி மொறைக்கிற?"

பச்சையம்மா தலை நிமிராமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஓர் அறை கொடுக்கலாம் போலிருக்கும்.

ஏழாம் மாசம் வளையல் அடுக்கினார்கள். யானைக்கவுனிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் பார்த்து வாங்கினவள் நான். போட்டுவிடக் கை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ வாணாம். கல்யாணமாவாதவ. நீ போயி சோத்தக் கெளறு." எலுமிச்சை சாதம் கிளறினேன். அடுப்படிக்கு வளையல் சத்தம் நன்றாகக் கேட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனவள், குடையை மறந்து திரும்பினேன். அம்மா வாசலில் குந்தியிருந்தாள். என் செருப்பு பதிந்த இடத்து மண்ணை விரல் நுனியால் வழித்து வழித்து ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உப்பு, காய்ந்த மிளகாய்.

"இன்னாம்மா பண்ற?"

"கூட்றேன்."

"கையாலயா?"

மிளகாயை எடுத்து மண்ணின் மேல் வைத்தாள். கண் வைத்தவளின் காலடி மண்ணை உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்றி அடுப்பில் போடுவது எங்கள் பக்கம் வழக்கம். நெடி ஏறி எல்லோரும் இருமினால் கண் இல்லை. நெடியே வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. யார் கண் என்று இனிக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. என் செருப்புத் தடத்து மண் காகிதத்தில் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் ஒரு வேன் உண்டு. அடிபட்டவர்களையும் பிரசவத்துக்கு இருப்பவர்களையும் ராயபுரம் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும். வேன் கேட்டு யார் போன் செய்தாலும் என் போர்டுக்குத்தான் முதலில் வரும். நான் வேனை அனுப்புகிற டைம் ஆபீஸ் செல்வநாதனுக்கு இணைப்பேன். அவர் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். யாருக்கு? பெர்மனென்ட்டா கான்ட்ராக்டா? பெண்டாட்டியா? ஊழியர், அவர் மனைவி, பிள்ளைகள், பெற்றவர்கள். அவ்வளவுதான் கம்பெனிக்குத் தெரிந்த குடும்பம். ஒருமுறை ஒரு கான்ட்ராக்ட் ஆள் அழாத குறையாகக் கெஞ்சினான். "உன் கான்ட்ராக்டரைக் கேளு" என்று செல்வநாதன் போனை வைத்தார். நான் பிளக்கை உருவினேன். அதுதான் என் வேலை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. நான் எழுந்திருக்கும் முன்பே அம்மா என் டிபன் கேரியரைக் கட்டி வைத்திருந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கெளம்புடி, ரயிலு கேட்ட மூடிடப்போறான்."

"இவ ஏன் இன்னும் எந்திரிக்கல?"

"ராத்திரி தூக்கமில்ல. எயுப்பாத, போ."

பச்சையம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மகாராணிக்குத் தூக்கம் வேறு என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அவள் வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள் என்பது எனக்குத் தெரியாது. விடிவதற்கு முன்பே வலி எடுத்திருந்தது. வலி எடுத்ததை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள் எங்கள் ஜனங்கள். எத்தனை காதில் விழுகிறதோ அத்தனை நேரம் வலி நீளும். அதிலும் கல்யாணமாகாதவள், பிள்ளை இல்லாதவள் காதில் விழவே கூடாது. நான் தெருமுனை திரும்பின பிறகுதான் மருத்துவச்சி கெங்கம்மாவை அழைத்திருக்கிறார்கள். அதுவும் கொல்லை வழியாக.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வறுத்த மீன் விற்கிற சிலுவையம்மாளிடம் போனேன். அவள் வீடு எங்களுக்கு அடுத்த சந்து. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாள்.

"அய்ய, நீ இன்னாமே இங்க நின்னுகினு கீற? வூட்டுக்குப் போவல?"

"இன்னாத்துக்கு?"

"ஒந்தம்பி பொண்டாட்டிக்கு நோவு எடுத்துகினு கீது, காத்தாலேந்து கத்தறா, சந்து பூரா கேக்குது. ஒனக்குத் தெரியாதா?" அப்புறம் அவளுக்கே புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டாள். "மாதாவே. ஒனக்குச் சொல்லலியா?"

சந்து பூராவுக்கும் தெரியும். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிறவளுக்குத் தெரியாது. ஐயோ பச்சையம்மா என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது. போய் வாசலில் நிற்கவேண்டும், எல்லோரும் என்னைப் பார்க்கவேண்டும், நான் எல்லோரையும் பார்க்கவேண்டும். அந்தக் கோபத்தில்தான் ஓடினேன். எதற்காக ஓடினால் என்ன, ஓடினேன்.

அம்மா வாசற்படியில் இரண்டு கையையும் கதவுச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராத."

"நகரு."

"நீ போடி. நீ போனாத்தான் அது வரும். ஒன் காலுல வுழறேன், போயிடு சொக்கி."

உள்ளேயிருந்து கெங்கம்மா அம்மாவிடம் கத்தினாள்: "அவளையாச்சும் வுடு கன்னியம்மா! இன்னும் எத்தினி பேர வாசல்லயே நிறுத்துவ? ஒரு கை வெளிய வந்து தொங்கிகினு கீது, நீ திருஷ்டி பேசிகினு கீற!"

அம்மாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பில் மிளகாய் கருகிய வாசனை. பச்சையம்மா பாயில் மல்லாந்து கிடந்தாள். அவள் கால்களுக்கு நடுவே கெங்கம்மா ஈரத்துணியை விலக்கிக் காட்டினாள். ஒரு சின்னக் கை, நீலமாக, விரல்கள் மடங்கி. தலை இல்லை, கால் இல்லை, கை மட்டும். நான் படித்த படிப்பில் இது எங்கேயும் வரவில்லை.

"கொய்ந்த குறுக்கால படுத்துகினு கீது. நா இன்னா பண்ணாலும் வராது. கிய்ச்சித்தான் எடுக்கணும். கை வந்த ஒடனே சொன்னேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னு. ஒங்கம்மா, ஜெயவேலு வந்து சொல்லட்டும்னா."

"அவன் எங்க?"

"ஹார்பருக்கு ஆளு போயி வந்துட்டான். ஒந்தம்பி கப்பலு அடியில கீறானாம். மூட்ட எறக்கி முடியாம மேல வுடமாட்டானாம் மேஸ்திரி."

அம்மா என் பின்னாலிருந்து சொன்னாள்: "புருசன் சொல்லாம வவுத்தக் கிய்க்க நான் எப்டிக் குடுப்பேன்? தெரு நடுவால தூக்கினு போனா எல்லாக் கண்ணும்..."

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நிலைமையிலும்! எனக்குச் சுருக்கென்றது. சரி, திருப்பிக்கொள், உன்னை நான் விடுவதாக இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஹைரோட்டில் ஐஸ் கம்பெனியில் போன் இருந்தது. டாக்ஸி என்பது எங்கள் பக்கம் வருஷத்துக்கு ஒருமுறை வழி தப்பி வருகிற வஸ்து. ரிக்‌ஷாவில் ராயபுரம் வரை குலுங்கினால் அவள் பாதி வழியிலேயே போய்விடுவாள். கம்பெனி வேன் ஒன்றுதான் மிச்சம்.

போர்டில் ஃப்ளோரா இருந்தாள். எனக்கு மாற்று ஆபரேட்டர்; ராயபுரத்துப் பெண்.

"ஃப்ளோரா, சொக்கம்மாள் பேசறேன். டைம் ஆபீஸ் குடு."

"எங்கடி போன நீ? லஞ்ச் முடிஞ்சு..."

"குடுடி!"

செல்வநாதன் வந்தார். வேன் வேணும் சார், பிரசவ வலி என்றேன்.

"யாருக்கு?"

தம்பி பெண்டாட்டிக்கு என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலை எத்தனையோ பேர் காதுக்கு என் கையால் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். கான்ட்ராக்ட்காரன் பெண்டாட்டி. ஊழியரின் மனைவி இல்லை, மகள் இல்லை, தாய் இல்லை. கம்பெனிக்கு அவள் பிறக்கவே இல்லை.

"எனக்கு" என்றேன்.

"என்னது?"

"எனக்குத்தான் சார் வலி. சொக்கம்மாள், ஆபரேட்டர், பெர்மனென்ட்."

லைனில் "ஜீசஸ்!" என்று ஃப்ளோராவின் குரல் கேட்டது. அவள் காதை எடுத்திருக்கவில்லை. நாங்கள் யாரும் எடுப்பதில்லை.

"நீ... மிஸ் சொக்கம்மாள்தானே?" செல்வநாதனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "காலைல டூட்டில இருந்தியே?"

"இருந்தேன். இப்போ வலிக்குது. ஊழியருக்கு வேன்னுதான் சார் ரூல்ஸ்ல போட்டிருக்கு. மிஸ்ஸா மிஸஸான்னு போடல. ரொம்ப ரத்தம் சார், நிக்க முடியல."

ரத்தம் என்ற வார்த்தை கேட்டதும் மனிதர் பயந்துவிட்டார். இந்த ஆம்பிளைகளுக்குப் பிரசவம் என்றால் போனிலேயே வியர்க்கும். "அனுப்பறேம்மா, அனுப்பறேன், எங்க இருக்க?" என்றார். அவர் என்னை அம்மா போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஐஸ் பாளங்களை இழுக்கும் கொக்கிகளோடு ஆட்கள் வரிசையாக நின்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒருவன் கேட்டான்: "இன்னாக்கா, மெய்யாலுமா?" என் வயிறு மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குத்தான் வலி' என்று சொன்ன அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது. எனக்காக ஒரு வேன் கிளம்புகிறது. எனக்காக ஒருவர் பதறுகிறார். பச்சையம்மாவுக்கு இத்தனை மாசமாகக் கிடைத்தது இதுதானா என்று அப்போதுதான் வாயில் போட்டுப் பார்த்தேன்.

லெவல் கிராஸிங்குக்குப் போய் நின்றேன். கேட் மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் டாங்கி வேகன்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வேகனுக்கும் அடுத்த வேகனுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அந்தப் பக்கம் வெள்ளை வேன் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அப்புறம் வேகன்கள் நின்றுவிட்டன. சிக்னல் கிடைக்கவில்லை. கேட்மேனிடம் போய்க் கத்தினேன். "ரயிலை நானா தள்றது?" என்றான். நியாயம்தான். வேன் அங்கே, நான் இங்கே, அந்தக் கை குடிசையில். வேகன்கள் நகர்ந்து கேட் திறந்ததும் வேனை நோக்கி ஓடினேன்.

டிரைவர் கமாலுதீன் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தானம்மா வலின்னு சொன்ன?"

"வூட்டாண்ட வண்டிய வுடுங்க பாய். தம்பி பொண்டாட்டி சாவக் கெடக்கறா."

அவர் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். "உன் பேருக்குத்தான் வண்டி எடுத்தேன். யாரு ஏறினாலும் அது நீதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, ஆமா. ஏறு."

கெங்கம்மாவும் நானும் ஐஸ் கம்பெனி ஆட்கள் இரண்டு பேருமாகப் பாயோடு தூக்கினோம். தெருவே நின்று பார்த்தது. அம்மா இப்போது தடுக்கவில்லை. ஓடி ஓடிப் பச்சையம்மாவின் முகத்தை முந்தானையால் மூடியவள், தானும் வேனில் ஏறிக்கொண்டாள். வேனில் அவள் தலை என் மடியில் கிடந்தது. வளையல் கை என் கையைப் பிடித்து நெரித்தது. நான் வாங்கின வளையல்கள்.

ஆஸ்பத்திரியில் ஆயா பெயர் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் பாய் சொன்னார்: "சொக்கம்மாள். ஆபரேட்டர்." பச்சையம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்த வேகத்தில் நிமிர்ந்தாள். "கை வந்து எத்தனை நேரமாச்சு? காலையிலேயே ஏன் கொண்டுவரல? எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். கேட்டது டாக்டர், பார்த்தது என்னை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டார்கள். புருசன் எங்கே என்றார்கள். கப்பலுக்கு அடியில் என்றால் நம்புவார்களா? "நான் போடறேன்" என்று வாங்கி, என் பெயர் அவளிடம் போய்விட்டதால் அவள் பெயரை நான் எடுத்துக்கொண்டு, 'பச்சையம்மாள், நாத்தனார்' என்று எழுதினேன். அவளுக்குக் கைநாட்டுதான் தெரியும். அவள் பெயரில் யாராவது கையெழுத்துப் போட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பெண் குழந்தை. உயிரோடு எடுத்தார்கள். இவளும் பிழைத்தாள். ஆனால் வெளியே வந்து தொங்கின அந்த இடது கை வீங்கிக் கறுத்திருந்தது. வீக்கம் வடிந்த பிறகும் தூக்கவில்லை. "நரம்பு அடிபட்டிருக்கு. தேறலாம், தேறாமலும் போகலாம்" என்றாள் டாக்டரம்மா இங்கிலீஷில். "காலைல வந்திருந்தா இந்தக் கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது." அதையும் என்னிடம்தான் சொன்னாள், அங்கே இங்கிலீஷ் புரிந்தது எனக்குத்தான்.

வார்டில் ஒரு வாரம் அவளை எல்லோரும் சொக்கம்மா என்று கூப்பிட்டார்கள். சொக்கம்மா, மாத்திரை. சொக்கம்மா, குழந்தைக்குப் பால். அவளும் திரும்பினாள். ஒரு நாள் அம்மா காபி வாங்கப் போயிருந்தபோது கிட்டே கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒனக்குச் சொல்ல வாணாம்னது அத்த மட்டும் இல்ல. நாந்தான் மொதல்ல சொன்னேன்."

"கண்ணு பட்டுடும்னா?"

"கண்ணாவது மண்ணாவது. காத்தால நீ செருப்பு மாட்டினு, பைய மாட்டினு, கேட்டத் தாண்டிப் போவ. நான் ஜன்னலாண்ட குந்திகினு பாத்துகினே இருப்பேன். அவ்ளோ எரியும் எனக்கு. ஒன்னால முடியாதது எங்கிட்ட இது ஒண்ணுதான் கீது. நீ வந்தா டாக்டரு அது இதுன்னு இதயும் நீயே நடத்துவ. வாணாம்னேன்."

ஜன்னலோரப் பாய் காற்றுக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

"பேர வேற எடுத்துகினே" என்றாள்.

"நீதான் என் பேர எடுத்துகினே."

அவள் சிரித்தாள். தையல் இழுத்து முகம் கோணியது. அந்தச் சிரிப்பை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனிக்கு விஷயம் தெரிய எத்தனை நாள் ஆகும்? என்னைப் போர்டிலிருந்து தூக்கி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். பொய் சொன்னதற்காக. செல்வநாதன் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். கேட்டில் நிற்கிற பயல்கள் "இன்னா மிஸ்ஸு, கொய்ந்த நல்லா கீதா?" என்கிறார்கள். "நல்லா கீது. எடது கைதான் தூக்கல. ஒங்கூட்டுக்காரிக்கு வலி எடுத்தா சீக்கிரமா போன் பண்ணு" என்கிறேன். வாய் மூடிக்கொள்கிறது. என்னைப் பெண் பார்க்க இனி ஒருவனும் வரமாட்டான். வந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?

பச்சையம்மா குழந்தையோடு வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கிளம்பினேன். குடை கையில் இருந்தது; இந்தத் தடவை வேண்டுமென்றேதான் திரும்பிப் பார்த்தேன். அம்மா குந்தி என் செருப்புத் தடத்தை வழித்துக்கொண்டிருந்தாள். கை தூக்காத பிள்ளைக்குச் சுற்றிப்போட.

பச்சையம்மா குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, மண்ணில் காலை அழுத்தி வைத்து எடுத்தாள்.

"இதயும் அள்ளு அத்த."

"இன்னாடி ஒளற்ற? பெத்தவ கண்ணு படுமா?"

"கொய்ந்தயப் பாத்து இல்ல. அண்ணியப் பாத்து நான் எரிஞ்சேன், என்னப் பாத்து அண்ணி எரிஞ்சுது. ரெண்டு மண்ணையும் சேத்துப் போடு. இன்னா வருதுன்னு பாப்போம்."

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இரண்டையும் அள்ளினாள். நானும் உள்ளே போய் நின்றேன். சுற்றி அடுப்பில் போட்டதும் மிளகாய் நெடி குப்பென்று ஏறியது. அம்மா இருமினாள், பச்சையம்மா வயிற்றை அழுத்திக்கொண்டு இருமினாள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தை தும்மித் தும்மி அழுதது. அழும்போது வலது கை மட்டும் மேலே எழும்பியது.

"கண்ணு இல்ல" என்றாள் அம்மா, இருமலுக்கு நடுவே. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "யாரு கண்ணும் இல்ல."

"அப்போ அந்தக் கை?" என்றேன்.

அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெருக்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பச்சையம்மா குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.